மாங்கா, முரளி, 15 டிகிரி

தெருக் கிரிக்கெட் ஆடினவங்களுக்கு இந்த வார்த்தையை விளக்க வேணாம். மத்தவங்களுக்காக ஒரு வரி. மரத்துல இருக்கிற மாங்காய்க்குக் கல்லெறியுற மாதிரி கையை மடக்கி, விசுக்குனு நீட்டி பந்தை எறிஞ்சா அது 'மாங்கா'. அம்பயர் யாரா இருந்தாலும் சரி, காஜிக்குக் காத்திருக்கிற மொத்தப் பேரும் எழுந்து நின்னு "மாங்கா... மாங்கா..."ன்னு கத்திட்டா அந்தப் பந்து செல்லாது. மேல்முறையீடு கிடையாது. மூணு தடவை கத்திட்டா அவனுக்கு பேபி ஓவர்தான்.

இந்த ஒரு வார்த்தையை நான் ஒரு தடவை சொன்னேன். கத்தக்கூட இல்லை, மெதுவாத்தான் சொன்னேன். அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் கொசுவர்த்தி சுத்துவேன், நடுவுல கொஞ்சம் அறிவியலும் வரும். பொறுத்துக்கணும்.

*

எங்க ஊர் திருவொற்றியூர். காலடிப்பேட்டையிலிருந்து கடல் பக்கம் இறங்கினா எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் எங்க தெரு, அந்தப் பக்கம் கருங்கல், அதுக்கப்புறம் கடல். மணல்னு ஒண்ணு இருந்ததா எங்க ஆயா சொல்லுவாங்க, நான் பார்த்தது கல்லைத்தான். அதனால சிமெண்ட் ரோடுதான் எங்க கிரவுண்டு. ஸ்டம்பர் பால். பந்து ரோட்டைத் தாண்டிப் போனா அவுட், ட்ரெய்லர் டயருக்கு அடியில போனா அவுட் பிளஸ் புதுப் பந்துக்குக் காசு.

எங்க டீம்ல ஒருத்தன் இருந்தான். பேர் எதுக்கு, தெருவே அவனை 'முரளி'ன்னுதான் கூப்பிடும். ரெண்டு காரணம். ஒண்ணு, ஆஃப் ஸ்பின் போடுவான். சிமெண்ட் ரோட்டுல பந்து ஒரு முழம் திரும்பும். ரெண்டாவது, வலது கை முழுசா நீளாது. ஏழு வயசுல அந்தக் கருங்கல் மேல ஓடும்போது வழுக்கி விழுந்து முழங்கைக்கு மேல எலும்பு விட்டுப்போச்சு. கட்டுப் போட்டாங்க. எலும்பு கூடிடுச்சு, ஆனா கோணலாக் கூடிடுச்சு. கையை நீட்டுடான்னா நீட்டுவான், நாம பார்க்கும்போது இன்னும் கொஞ்சம் நீட்டணும்னு தோணும். அவ்வளவுதான் அவனுக்கு வரும்.

அவங்க அப்பாவுக்கு ஹார்பர்ல வேலை. எங்க அப்பாவுக்கு மணலியில கம்பெனி வேலை. அப்போ அந்த வித்தியாசம் எங்களுக்குத் தெரியாது. ஒரே ஸ்கூல், ஒரே கிளாஸ், ஒரே பெஞ்சு. இதுல ஒரு சிக்கல் என்னன்னா, நானும் ஆஃப் ஸ்பின்னர். சுமாரான ஆஃப் ஸ்பின்னர். (அப்போ அது எனக்குத் தெரியாதுன்னு சொல்ல மாட்டேன். நல்லாவே தெரியும்.)

2010 ஜூலை, எட்டாவது படிக்கிறோம். 22-ஆம் தேதி வியாழக்கிழமை, காலே மைதானத்துல முத்தையா முரளிதரன் தன்னோட கடைசி டெஸ்ட்ல, கடைசிப் பந்துல, பிரக்யான் ஓஜாவை அவுட்டாக்கி 800-வது விக்கெட்டை எடுத்தார். அடிச்சது நம்ம இந்தியாவை. ஆனாலும் எங்க தெருவுல ஒரு சந்தோஷம். நம்ம ஆளு, தமிழ் ஆளு, போதாததுக்கு சென்னை மாப்பிள்ளை, சிஎஸ்கே ஜெர்சி வேற போட்டவர். எங்க முரளியை ரெண்டு பேர் தோள்ல தூக்கிட்டுத் தெருவைச் சுத்தினாங்க, ஏதோ அவனே 800 எடுத்த மாதிரி.

அந்த சனிக்கிழமைதான் செலக்‌ஷன். ஒரு பெரிய ஸ்கூல். கிரிக்கெட் நல்லா ஆடுறவங்களை ஃபீஸ் இல்லாம சேர்த்துக்குவாங்க, ஷூ, கிட் எல்லாம் அவங்களே கொடுப்பாங்கன்னு பேச்சு. எங்க தெருவுல இருந்து நாலு பேர் போனோம். ஸ்பின்னருக்கு ஒரே இடம்.

அவன் ஆறு பந்து போட்டான். மேட் விக்கெட்டு, நிஜக் கிரிக்கெட் பந்து. நாலு பந்து பேட்ஸ்மேன் தொடவே இல்லை. கோச் பக்கத்துல வந்து நின்னு பார்த்தார், இன்னொரு ஓவர் போடச் சொன்னார். அவருக்கு சந்தேகம் வந்துடுச்சுன்னு முகத்துலேயே தெரிஞ்சது. வரிசையில அடுத்து நின்னது நான். என் பக்கம் திரும்பி, "உன் ஃப்ரெண்டாடா? எப்பவும் இப்படித்தான் போடுவானா?"ன்னு கேட்டார்.

கை சின்ன வயசுல உடைஞ்சது சார், அவ்வளவுதான் நீளும் சார்னு சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். நான் சொன்னது, "ஆமா சார். தெருவுல எல்லாரும் மாங்கான்னு சொல்லுவாங்க சார்."

அவர் தலையை ஆட்டிட்டு அட்டையில என்னமோ எழுதினார். எனக்கு இடம் கிடைச்சது. ரெண்டு வருஷம் அந்த டீம்ல இருந்தேன். ஆடினது மூணு மேட்ச், மிச்சமெல்லாம் தண்ணி பாட்டில் தூக்கினது. பத்தாவது வந்ததும் அப்பா நிறுத்திட்டார்.

அவன் அதுக்கப்புறம் ஆறு மாசம் தெருவுல ஆடினான். பேட்டிங் மட்டும். பந்தைக் கொடுத்தா "கை வலிக்குதுடா"ம்பான். பத்தாவதோட படிப்பையும் நிறுத்திட்டான். முதல்ல ட்ரெய்லர்ல கிளீனர், இப்போ டிரைவர். எண்ணூருக்கும் ஹார்பருக்கும் கன்டெய்னர் அடிக்கிறான்.

*

இப்போ அறிவியல்.

உடம்பு எப்படி அசையுதுன்னு படிக்கிறதுக்குன்னே ஒரு துறை இருக்கு. கினீசியாலஜின்னு பேர், கிரேக்கத்துல கினேசிஸ்னா அசைவு. சென்னைக்கு இந்தப் பக்கம் பழைய தொடர்பு உண்டு. ஹாரி க்ரோ பக்னு ஒரு அமெரிக்கர் 1920-லேயே இங்க ஒய்எம்சிஏ உடற்கல்விப் பள்ளியை ஆரம்பிச்சுட்டார், அதுதான் இப்போ நந்தனத்துல இருக்கிற கல்லூரி. உடற்கல்விக்குன்னே ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தமிழ்நாடு 2004-ல சட்டம் போட்டது, மேலக்கோட்டையூர்ல இருக்கு. ஆனா நான் சொல்ல வர்ற கதை போரூர்ல நடந்தது.

முதல்ல கொஞ்சம் பின்னாடி போவோம். 1995 டிசம்பர் 26, மெல்போர்ன். டேரல் ஹேர்னு ஒரு அம்பயர், மூணு ஓவர்ல ஏழு தடவை முரளிதரனுக்கு நோ பால் கொடுத்தார். காரணம், எறியுறார். நம்ம பாஷையில மாங்கா. 1996-ல ஹாங்காங்லயும் பெர்த்லயும் ரெண்டு பல்கலைக்கழகங்கள் அவர் கையைப் படம் பிடிச்சு ஆராய்ஞ்சாங்க. பெர்த்ல செஞ்சது மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தோட மனித அசைவியல் துறை. முடிவு: பிறவியிலேயே அவர் முழங்கை முழுசா நீளாது, எறியுற மாதிரி தெரியுறது கண்ணோட ஏமாற்றம்.

இதைப் படிச்சப்போதான் எனக்கு முதல் அடி. ஏன்னா கிரிக்கெட் சட்டம் என்ன சொல்லுதுன்னு அதுவரைக்கும் நான் படிச்சதே இல்லை. கை வளைஞ்சிருக்கக் கூடாதுன்னு சட்டத்துல எங்கேயும் இல்லை. பந்து போடுற கை தோள் உயரத்துக்கு வந்ததுல இருந்து பந்து கையை விட்டுப் போற வரைக்கும் முழங்கை 'நீளக் கூடாது', அவ்வளவுதான். வளைஞ்ச கை வளைஞ்சபடியே வந்தா தப்பே இல்லை. மணிக்கட்டை எவ்வளவு வேணாலும் திருப்பலாம், அதுக்குத் தடையே கிடையாது.

அப்புறம் ஏன் எல்லார் கண்ணுக்கும் எறியுற மாதிரி தெரியுது? வீட்டுலேயே செஞ்சு பார்க்கலாம். ஒரு கம்பியை எடுத்து நடுவுல லேசா வளைங்க. கரண்ட் போனப்போ டார்ச்சை அடிச்சு, அந்தக் கம்பியை விரல்ல மெதுவா உருட்டிக்கிட்டே சுவத்துல நிழலைப் பாருங்க. நிழல் ஒரு நேரம் வளைஞ்சிருக்கும், ஒரு நேரம் நேரா இருக்கும். கம்பி மாறவே இல்லை, நிழல்தான் 'நீளுது'. பந்து போடும்போது மேல்கை தோள்ல உருளுது. பக்கவாட்டுல நிக்கிற அம்பயரும், டிவி கேமராவும், வரிசையில நிக்கிற பதிமூணு வயசுப் பையனும் பார்க்கிறது நிழலைத்தான்.

நிழலை நம்பாம எலும்பை அளக்கணும்னா ஒரு கேமரா போதாது. அதுக்குத்தான் லேப். சட்டையைக் கழட்டச் சொல்லி தோள், முழங்கை, மணிக்கட்டுன்னு சின்னச் சின்ன ஒளி திருப்பும் உருண்டைகளை ஒட்டுவாங்க. சுத்தி அதிவேகக் கேமராக்கள். ஒவ்வொரு உருண்டையையும் குறைஞ்சது ரெண்டு கேமரா ஒரே நேரத்துல பார்த்தா, அது வெளியில எங்க இருக்குன்னு கணக்குப் போட்டுடலாம். மேல்கைக்கு ஒரு அச்சு, முன்கைக்கு ஒரு அச்சு, ரெண்டுக்கும் நடுவுல கோணம். கை தோள் மட்டத்துக்கு வந்தப்போ எவ்வளவு, பந்தை விடும்போது எவ்வளவு, நடுவுல எவ்வளவு மாறினது. பூரா கணக்கும் அந்த மாற்றத்துலதான்.

2004-ல முரளியோட 'தூஸ்ரா' மேல மறுபடி புகார். மறுபடி பெர்த். சராசரி 14 டிகிரி நீளுது, பயிற்சிக்கு அப்புறம் சுமார் 10-க்கு இறங்கினது. அப்போ ஸ்பின்னருக்கு அனுமதி 5 டிகிரி, மீடியத்துக்கு 7.5, வேகப்பந்துக்கு 10. ஆனா மத்தவங்களையும் அளந்து பார்த்தப்போ ஒரு குட்டு உடைஞ்சது. சுத்தமான ஆக்‌ஷன்னு புகழப்பட்ட வேகப்பந்து வீச்சாளர்கள்கூட 10-ஐத் தாண்டி இருந்தாங்க. கிட்டத்தட்ட எல்லாருமே கொஞ்சம் மாங்கா! முரளியைக் கடுமையா விமர்சிச்சவங்கள்ல ஒருத்தரான மைக்கேல் ஹோல்டிங், அந்த ஆதாரங்களைப் பார்த்த குழுவுல உட்கார்ந்து தன் எண்ணத்தை மாத்திக்கிட்டார். 2005 மார்ச் 1-லிருந்து எல்லாருக்கும் ஒரே அளவு, 15 டிகிரி. ஏறக்குறைய அதுக்கு மேல போனாத்தான் கண்ணுக்கே தெரியும்ங்கிறது அதுக்குச் சொன்ன காரணம்.

*

இனி போரூர்.

2014-ல ஐசிசி கையைப் பிடிச்சு அளக்க ஆரம்பிச்சது. பெர்த் பல்கலைக்கழகம் அந்த வேலையிலிருந்து விலகிடுச்சு, புது முறையைப் பத்தி அங்கிருந்த ஆய்வாளர்கள் கேள்வியும் எழுப்பினாங்க. புதுசா அங்கீகாரம் கிடைச்ச சில இடங்கள்ல ஒண்ணு, நம்ம போரூர் ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தோட விளையாட்டு அறிவியல் மையம். முழு ரன்-அப் ஓடுற அளவுக்கு உள்ளரங்கம் வேணும், குறைஞ்சது 12 அதிவேகக் கேமரா வேணும்னு நிபந்தனை.

அடுத்த ஒரு வருஷம் அந்த மையத்துக்கு எப்படிப்பட்ட வருஷம்னு பாருங்க. 2014 ஆகஸ்ட்ல பாகிஸ்தானோட சயீத் அஜ்மல் பிரிஸ்பேன்ல பரிசோதிக்கப்பட்டார். எல்லா வகைப் பந்தும் 15-ஐத் தாண்டுதுன்னு தடை. அவர் ஆக்‌ஷனை மாத்திக்கிட்டு மறுபரிசோதனைக்கு வந்தது சென்னைக்கு, 2015 ஜனவரி 24. பிப்ரவரி 7-ல தடை நீங்கினது. ஏப்ரல்ல முகமது ஹஃபீஸ் இங்க வந்து தேறினார், சுனில் நரைனும் இங்க அளந்த பிறகுதான் அந்த வருஷ ஐபிஎல்லுக்குள்ள வந்தார். ஜூலையில ஹஃபீஸ் மறுபடி வந்தார், இந்தத் தடவை தேறலை, 12 மாசம் பந்து வீசக் கூடாதுன்னு ஆச்சு. அதுக்கு முன்னாடி வரைக்கும் இதுக்கெல்லாம் ஆஸ்திரேலியா போகணும். இப்போ ஒரு சர்வதேச ஆட்டக்காரரோட தலையெழுத்து, ஆற்காடு ரோட்டுல டிராஃபிக்ல மாட்டிக்கிட்டு ஒரு காலேஜ் வளாகத்துக்குள்ள போய் எழுதப்படுது.

அஜ்மல் வந்துட்டுப் போன செய்தியை நான் பேப்பர்ல படிச்சது பன்னிரண்டாவது ரிவிஷன் டெஸ்ட் நடுவுல. பக்கத்துலேயே ஒரு பெட்டிச் செய்தி, 15 டிகிரின்னா என்னன்னு. அதைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் கெமிஸ்ட்ரி புக்கைத் திறக்கலை. திருவொற்றியூர்ல இருந்து போரூர் ரெண்டு பஸ் தூரம். அஞ்சு வருஷம் முன்னாடி ஒருத்தன் கையை அளந்தது யாருன்னா, நான். அளந்த கருவி என் பொறாமை.

அப்பவே போய்ச் சொல்லியிருக்கணும். சொல்லலை. எக்ஸாம், காலேஜ், அப்புறம் கேம்பஸ், அப்புறம் ஓஎம்ஆர் ரோட்டுல ஆணி புடுங்குற வேலை. காரணத்துக்கா பஞ்சம்?

அஜ்மல் கதையோட மிச்சத்தையும் சொல்லிடுறேன். தடை நீங்கி வந்தவர் 2015 ஏப்ரல்ல வங்கதேசத்துக்கு எதிரா ஆடினார். கை சுத்தம், ஆனா பந்துல பழைய விஷம் இல்லை. அந்தத் தொடரோட சர்வதேச ஆட்டம் முடிஞ்சது, 2017-ல ஓய்வு அறிவிச்சார். லேப் அனுமதி கொடுக்கும், நம்பிக்கை கொடுக்காது போல.

*

2024 டிசம்பர்ல ஷாகிப் அல் ஹசன் விவகாரம் ஓடினது. இங்கிலாந்துல லஃபரோ சோதனையில தேறாம, அப்புறம் சென்னைக்கு வந்து இங்கயும் தேறாம (2025 மார்ச்சுல லஃபரோவுலேயே தேறிட்டார், அது வேற), ஜனவரியில பேப்பர் பூரா 'சென்னை சோதனை'. அந்த வாரம் முரளி எனக்கு ஃபோன் பண்ணினான். ஹார்பர் கேட்டுக்கு முன்னாடி வரிசையில நிக்கிறான், பொழுது போகலை.

"மச்சான், அந்த டெஸ்ட்டு நம்ம ஆளுங்களும் எடுக்க முடியுமாடா? எவ்ளோ கேப்பான்?"

சாதாரணமாத்தான் கேட்டான், பெட்ரோல் விலை கேட்கிற மாதிரி. எனக்குத்தான் தொண்டை அடைச்சது. "எதுக்குடா?"ன்னேன். "சும்மாதான். பையன் கேக்குறான், உன்ன ஏன் முரளின்னு கூப்புடுறாங்கன்னு."

அவனை நானே அளக்குறேன்னு முடிவு பண்ணினேன். சாஃப்ட்வேர்காரன் புத்தி வேற எப்படிப் போகும்? ஃபோன்ல 240 ஃப்ரேம் ஸ்லோமோஷன் இருக்கு, வீடியோவுல உடம்பு மூட்டுகளைக் கண்டுபிடிக்கிற ஓப்பன்சோர்ஸ் லைப்ரரி இருக்கு, ரெண்டு ராத்திரி வேலை. காணும் பொங்கல் முடிஞ்ச ஞாயிறு காலையில பழைய தெருவுக்குப் போனேன். பதினாலு வருஷம் கழிச்சு அவன் பந்தைத் தொட்டான். முதல் ரெண்டும் சாக்கடைக்குப் போச்சு. மூணாவது திரும்பினது.

பக்கவாட்டுல இருந்து எடுத்த வீடியோ சொன்னது, 22 டிகிரி. என் வயித்துல ஏதோ கரைஞ்சது. சரின்னு நேரா முன்னாடி நின்னு எடுத்தேன். 6 டிகிரி. அதே பந்து வீச்சு, அதே கை, அஞ்சு நிமிஷ இடைவெளி. கோட்ல பிழைன்னு நினைச்சு அரை மணி நேரம் அங்கேயே தரையில உட்கார்ந்து தேடினேன். பிழை கோட்ல இல்லை. சுவத்துல கம்பி நிழல்! மேல நானே எழுதினேனே, அதையேதான் லேப்டாப் வெச்சுப் பண்ணிட்டு இருந்திருக்கேன். 2010-ல கண்ணால பண்ணினதை 2025-ல காசு செலவு பண்ணிப் பண்ணியிருக்கேன். அவ்வளவுதான் என் முன்னேற்றம்.

அவன் சிரிச்சான். "லூசு. அந்த முரளி கையில பட்டை கட்டிக்கினு போட்டு காட்னார்ல, அத பண்ணலாம் வா."

நான் மறந்தே போயிருந்தேன். 2004-ல இந்தப் புகார் உச்சத்துல இருந்தப்போ, முழங்கை நீளவே முடியாதபடி கம்பி வெச்ச பட்டையைக் கையில கட்டிக்கிட்டு, கேமரா முன்னாடி ஆஃப் ஸ்பின், தூஸ்ரா எல்லாம் போட்டுக் காட்டினார் முரளிதரன். எங்க முரளி அந்தக் காட்சியை எப்போ பார்த்தான், எத்தனை தடவை பார்த்தான்னு நான் கேட்கலை.

ஒரு துண்டு பிவிசி பைப். வீட்டு கேஸ் அடுப்புல காட்டி, அது இளகினதும் தன் கை வளைவுக்கு ஏத்த மாதிரி வளைச்சான். ஆக்ஸா பிளேடால நீளவாக்குல ரெண்டாப் பொளந்தான். உள்ளே பழைய துண்டு, மேலே கிரேப் பேண்டேஜ். அவன் பொண்டாட்டி இழுத்து இறுக்கிக் கட்டினாங்க. "நீட்டுய்யா பாக்கலாம்"னாங்க. நீட்ட முடியலை.

ஆறு பந்து போட்டான். ரெண்டு வீணாப் போச்சு. மூணு சுமாரா விழுந்தது. ஒண்ணு, நான் நிக்கிறேன், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே குத்தி என் தொடைக்கும் பேட்டுக்கும் நடுவுல புகுந்து, பின்னாடி கீப்பரா நின்ன அவன் ஆறு வயசுப் பையன் மார்ல இடிச்சது. அதே ஒரு முழம்.

நேர்மையாச் சொல்லணும். இது சோதனை ஆகாது. பேண்டேஜ் கொஞ்சம் இளகும். பட்டையோட போட்டவன் பட்டையில்லாம எப்படிப் போட்டான்னு இது சொல்லாது. நிஜ முரளிக்கும் அன்னைக்கு இதே ஆட்சேபணையைத்தான் சொன்னாங்க. 2010 ஜூலை 24 அன்னைக்கு அவன் முழங்கை எத்தனை டிகிரி நீண்டதுன்னு இனி உலகத்துல எந்த லேபும் சொல்ல முடியாது. அப்படித் திருப்புறதுக்கு அவன் கை நீள வேண்டிய அவசியமே இல்லைங்கிறது மட்டும் தெரிஞ்சது. தோளும் மணிக்கட்டும் போதும்.

கட்டை அவிழ்க்கும்போது சொல்லிட்டேன். அன்னைக்கு கோச் கேட்டது, நான் சொன்னது, எதுக்குச் சொன்னேன்ங்கிறது. எல்லாம்.

அவன் பேண்டேஜைச் சுருட்டிக்கிட்டே இருந்தான்.

"தெரியும்டா. நாலடி தள்ளித்தான நின்னுனு இருந்தேன். கேட்டுச்சு."

"அப்புறம் ஏன்டா கேக்கல?"

"இன்னா கேக்கறது? கூடவே ஆடினவன் நீ. நீயே சொல்றன்னா, மெய்தான் போலன்னு தோணிச்சு. அப்பால பந்து போடச் சொல்லோ எல்லாம் கையையே பாத்துனு இருந்தேன், நீளுதா நீளுதான்னு. கைய பாத்துனு போட்டா பந்து வுழாதுடா."

கோபமாச் சொல்லலை. அதுதான் கஷ்டமா இருந்தது. ஸ்கூல் சீட்டு போனதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. இத்தனை வருஷம் நான் திருடினது ஒரு இடம்னு நினைச்சுட்டு இருந்தேன். அவன் கை மேல அவனுக்கிருந்த நம்பிக்கையையும் சேர்த்துத் திருடியிருக்கேன்னு அப்போதான் புரிஞ்சது. மன்னிச்சுடுன்னு சொன்னேன். "சரி வுடு, டீ சொல்லு"ன்னான். அது மன்னிப்பா இல்லையான்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியலை.

டீ குடிச்சுட்டு வந்ததும் பையன், "அங்கிள், இப்ப நீங்க போடுங்க"ன்னு பேட்டை எடுத்துக்கிட்டு நின்னான். போட்டேன், என் அதே சுமாரான ஆஃப் ஸ்பின். பந்து அவன் கிட்ட போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே கத்தினான்:

"மாங்கா!"

அனிச்சையா என் முழங்கையைப் பார்த்தேன். முரளி டீ டம்ளரோட திண்ணையில உட்கார்ந்திருந்தான்.

"டேய், கைய பாக்காதடா. பந்த போடு."

டிஸ்கி: பிவிசி பைப்பைச் சூடு பண்றதா இருந்தா வாசல்ல வெச்சுப் பண்ணுங்க. அந்த நாத்தம் ரெண்டு நாள் போகலையாம். அவன் வீட்டுல எனக்குத் திட்டு விழுந்துட்டு இருக்கு.